கண் முழி வெளியே தள்ளினால் எங்கே போவது: கிளிநொச்சியா, யாழ்ப்பாணமா, கொழும்பா, மதுரையா?

கண்புரை என்றால் வன்னிச் சனத்துக்கு வழி தெரியும். கிளினிக்கில் பதிந்து, திகதி எடுத்து, லென்ஸ் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடலாம். கண்குழிக்குள் வருகிற வருத்தம் அப்படியல்ல. ஒரு கண் மட்டும் மெல்ல வெளியே தள்ளுகிறது, அல்லது பார்க்கிறதெல்லாம் இரண்டு இரண்டாகத் தெரிகிறது. அயலில் இதற்கு முன் யாருக்கும் வந்ததில்லை. வீட்டில் ஆளுக்கொரு ஊர் சொல்லத் தொடங்குவார்கள். யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிதான் நல்லது என்பார் மாமா. கொழும்புக்கே கொண்டுபோ என்பார் பக்கத்து வீட்டு அண்ணை. கனடாவிலிருந்து சித்தப்பா, 'நான் காசு அனுப்புறன், மதுரைக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ' என்பார்.

இந்தக் கேள்வியோடு என்னிடம் வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் வருத்தம் என்னவென்று தெரியுமுன்பே ஊரை முடிவு செய்துவிடுகிறார்கள். அதைத் தலைகீழாக்க வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் டொக்டர் இல்லை. வாசித்தும், தெரிந்தவர்களோடு ஆஸ்பத்திரிகளுக்கு அலைந்தும் அறிந்துகொண்டதைச் சொல்கிறேன். உங்கள் டொக்டர் சொல்வதற்கு இது மாற்று ஆகாது.

## குழிக்குள் என்ன இருக்கிறது

கண்குழி ஏழு எலும்புகள் சேர்ந்த ஒரு புனல். வாய் முன்னால், ஒடுங்கிய முனை பின்னால். அதன் கொள்ளளவு ஏறத்தாழ 30 மில்லிலீட்டர். கண் முழி எடுப்பது அதில் 7 மில்லிலீட்டர்தான். மிச்சமெல்லாம் தசை, கொழுப்பு, கண்ணீர்ச் சுரப்பி, இரத்தக் குழாய், பார்வை நரம்பு. சுற்றிலும் எலும்பு என்பதால் உள்ளே எது வீங்கினாலும் முழிக்குப் போக இருக்கிற ஒரே வழி முன்பக்கம். முழி தள்ளவில்லை என்றால் அமுக்கம் முழுவதும் நரம்பில் விழும். அது இன்னும் மோசம்.

மூக்குப் பக்கத்துச் சுவர் கடதாசி போல மெல்லியது. அதற்கு அப்பால் பீனிசம் பிடிக்கிற சைனஸ் அறைகள். மேற்சுவருக்கு மேலே மூளை. ஆகவே கண் டொக்டர் ஒருவரால் மட்டும் முடிகிற காரியம் இது இல்லை. காது மூக்கு தொண்டை நிபுணர், நரம்புச் சத்திரசிகிச்சை நிபுணர், தைரொயிட் பார்ப்பவர், சில நேரம் புற்றுநோய் நிபுணர் என்று எல்லோரும் தேவைப்படுவார்கள்.

## எதை வைத்து நிறுப்பது

முதல் அளவுகோல் வேகம். வருத்தம் மணிக்கணக்கில் ஓடுகிறதா, கிழமைக்கணக்கிலா, வருடக்கணக்கிலா? இரண்டாவது, ஸ்கானும் பயொப்சியும் (சிறு துண்டு வெட்டிப் பரிசோதிப்பது) அங்கே எடுக்க முடியுமா, எடுத்ததைச் சரியாக வாசிக்க ஆள் உண்டா. மூன்றாவது, மேலே சொன்ன மற்றத் துறைகள் அதே வளவுக்குள் இருக்கின்றனவா. நான்காவது, பிறகு வருகிற கிளினிக். கண்குழி வருத்தங்களில் பல மாதக்கணக்கில், சில வருடக்கணக்கில் பார்க்கப்பட வேண்டியவை. ஐந்தாவது செலவு; அதில் பில்லில் வராத செலவையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்: கூடப் போகிறவரின் கூலி, தங்குமிடம், வயலும் மாடும் வீட்டில் பிள்ளைகளும்.

இந்த ஐந்தில் முதலாவதும் நான்காவதும்தான் ஊரைத் தீர்மானிக்க வேண்டியவை. ஆனால் வீட்டுக் கூட்டங்களில் அவை இரண்டையும் யாரும் பேசுவதில்லை.

## வேகத்தைக் கணிப்பது எப்படி

மணிக்கணக்கில். பிள்ளைக்குத் தடிமன், பீனிசம், காய்ச்சல். அடுத்த நாள் இமை வீங்கி மூடிவிட்டது. இமைத் தோலில் மட்டும் கிருமி என்றால் பயம் குறைவு. கண் முழியை அசைக்க நோகிறது, முழி தள்ளியிருக்கிறது, பார்வை மங்குகிறது என்றால் கிருமி குழிக்குள் போய்விட்டது. அங்கிருந்து மூளைக்குப் போக அதிக நேரம் எடுக்காது.

சலரோகம் கட்டுப்பாட்டில் இல்லாத ஒருவருக்கு முகத்தில் ஒரு பக்கம் நோவு, விறைப்பு, மூக்கிலோ மேல் அண்ணத்திலோ கறுப்புத் திட்டு, கண் வீக்கம் என்றால் கறுப்புப் பூஞ்சையாக இருக்கலாம். 2021 இல் கொரோனா இரண்டாம் அலையோடு இந்தியாவில் ஆயிரக்கணக்கானோரைப் பிடித்தது இதுதான். உயிரையே கேட்கிற வருத்தம்.

அடிபட்ட பிறகு முழி கல்லுப் போல இறுகி, தள்ளி, பார்வை விழுந்தால் உள்ளே இரத்தம் தேங்கி அமுக்குகிறது. ஒன்றரை இரண்டு மணித்தியாலத்துக்குள் இமையின் வெளி மூலையை வெட்டி அமுக்கத்தை இறக்காவிட்டால் பார்வை திரும்பாது.

பிள்ளைகளில் ஒன்று தனியாகச் சொல்ல வேண்டும். விளையாடும்போது கண்ணோரம் முழங்கை இடித்தது. கண் சிவக்கவும் இல்லை, வீங்கவும் இல்லை. பிள்ளை சத்தி எடுக்கிறது, சோர்ந்து படுக்கிறது, மேலே பார்க்கச் சொன்னால் ஒரு கண் ஏறவில்லை. குழியின் அடித்தட்டு எலும்பு வெடித்துத் திரும்ப மூடியபோது தசை அதற்குள் மாட்டிக்கொண்டிருக்கலாம். தலையில் அடிபட்டதென்று நினைத்துப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஓரிரு நாளுக்குள் தசையை விடுவித்தால்தான் அது பழையபடி அசையும்.

கிழமைக்கணக்கில். பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு நாளுக்கு நாள் கண் தள்ளுகிறது, காய்ச்சல் இல்லை. ரப்டோமயோசார்கோமா என்ற தசைப் புற்றுநோயாக இருக்கலாம். பெயரைக் கேட்டுக் கலங்க வேண்டாம். கண்குழியில் வருகிற இந்தப் புற்றுநோய், நேரத்தோடு பிடித்தால் மருந்தாலும் கதிர்வீச்சாலும் பெரும்பாலான பிள்ளைகள் தப்பிவிடுகிற ஒன்று. பிள்ளையின் கண்மணிக்குள் வெள்ளை தெரிந்தால் அது வேறு புற்றுநோயாக இருக்கலாம். அதற்கும் இதே அவசரம்.

பெரியவர்களுக்கு நோவோடு கண் தள்ளி, இமை தொங்கி, அசைவு குறைந்தால் காரணம் தெரியாத அழற்சியாகவோ, ஐஜிஜி4 என்ற எதிர்ப்புப் புரதம் சம்பந்தமான வருத்தமாகவோ இருக்கலாம். தோலோசா ஹண்ட் என்று ஒன்றும் உண்டு. குழியின் முனைக்குப் பின்னால் வருகிற அழற்சி, தாங்க முடியாத நோவு. இவை ஸ்டிரொயிட்டுக்குச் சட்டென்று அடங்கும், குறைக்கும்போது திரும்பவும் வரலாம்.

இன்னொன்றை நான் நேரே பார்த்தேன். மோட்டார் சைக்கிளில் விழுந்து தலையில் அடிபட்ட ஒரு பெடியன். காயம் ஆறி வீட்டுக்கு வந்த பிறகு ஒரு கண் சிவந்தது. கண்ணோய் என்று துளி மருந்து விட்டார்கள். சிவப்பு இறங்கவில்லை. வெள்ளைப் பகுதியில் சிவப்பு நரம்புகள் சுருள் சுருளாகப் புடைத்திருந்தன. இரவில் படுத்தால் காதுக்குள் 'உஷ் உஷ்' என்று சத்தம் வருவதாக அவன் சொல்லிக்கொண்டே இருந்தான். வீட்டில் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. கடைசியில் ஒரு டொக்டர் இமைக்கு மேல் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டார். நாடித் துடிப்போடு அதே சத்தம். கண்ணுக்குப் பின்னால் தமனிக்கும் நாளத்துக்கும் இடையில் ஓட்டை. குழாய் வழியாகக் கம்பிச் சுருள் அனுப்பி அடைக்கிற வேலை இது. விபத்துக்குப் பிறகு கண் சிவந்து, தலைக்குள் சத்தம் கேட்டால் அதைக் கண்ணோய் என்று விடாதீர்கள்.

வருடக்கணக்கில். நடுத்தர வயதுப் பெண்களில் கூடுதலாக வருகிற இரத்தக் குழாய்க் கட்டி, பிள்ளைகளின் புருவ ஓரத்தில் உருளுகிற தோல் கட்டி, வலியில்லாத கண்ணீர்ச் சுரப்பிக் கட்டி, தைரொயிட் கண் (தைரொயிட் வருத்தத்தோடு கண் தள்ளுவது). குனிந்து நாற்று நடும்போதோ முக்கும்போதோ கண் தள்ளி, நிமிர்ந்தால் உள்ளே போகிறது என்றால் அது நாளப் புடைப்பு. டொக்டர் முன்னால் நேராக இருந்தால் ஒன்றும் தெரியாது. குனிந்து காட்டுங்கள்.

பழைய படம் ஒன்று தேடி எடுங்கள். கண் எப்போது தள்ளத் தொடங்கியது என்பதை நினைவில் வைத்துச் சொல்ல முடியாது, படம் சொல்லும். இடம்பெயர்வில் அல்பம் எல்லாம் போன வீடுகளில் அடையாள அட்டைப் படம்தான் மிச்சமிருக்கும். அதுவும் போதும். டொக்டர் இரண்டு கண்ணோரத்திலும் ஒரு அளவுகோலை வைத்து மில்லிமீட்டரில் அளப்பார். ஒரு கண்ணுக்கும் மற்றதுக்கும் இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் காரணம் தேட வேண்டும்.

## ஒரு பார்வையில்

| அளவுகோல் | மாவட்ட ஆஸ்பத்திரி | யாழ். போதனா | கொழும்பு அரச | கொழும்பு தனியார் | மதுரை, சென்னை |
|---|---|---|---|---|---|
| மணிக்கணக்கு வருத்தம் | இங்கேதான் தொடக்கம் | மாற்றி அனுப்பினால் | தூரம் | தூரம் | வேண்டாம் |
| கிழமைக்கணக்கு | கடிதத்துக்கு | பெரும்பாலானவைக்கு முதல் இடம் | புற்றுநோய், அரிய சத்திரசிகிச்சை | ஸ்கான் கெதியாக வேண்டுமானால் | நோய் உறுதியான பிறகு மட்டும் |
| வருடக்கணக்கு | கிளினிக் தொடர்ச்சி | நல்லது | நல்லது | இரண்டாவது கருத்துக்கு | இரண்டாவது கருத்து, சிக்கலான சத்திரசிகிச்சை |
| மற்றத் துறைகள் | குறைவு | உண்டு | உண்டு, வெவ்வேறு வளவுகளில் | காசுக்கு ஏற்ப | உண்டு |
| தொடர் கிளினிக் | மிக எளிது | எளிது | கடினம் | கடினம் | மிகக் கடினம் |
| சிகிச்சைக் காசு | இல்லை | இல்லை | இல்லை | கூட | கூட |
| மறைமுகச் செலவு | குறைவு | நடுத்தரம் | கூட | கூட | மிகக் கூட |
| மொழி | தமிழ் | தமிழ் | பெரும்பாலும் சிங்களம் | கலப்பு | தமிழ் |

## மாவட்ட ஆஸ்பத்திரி

கிளிநொச்சி, வவுனியா, மன்னார் மாவட்டப் பொது வைத்தியசாலைகளும் முல்லைத்தீவு மாஞ்சோலையும் 'சின்ன இடம்' என்று ஒதுக்கப்படுகின்றன. மணிக்கணக்கு வருத்தத்தில் அந்த எண்ணம் கண்ணைப் பறிக்கும். கிருமிக்கு நாளத்தில் ஏற்றுகிற மருந்தை அவசரப் பிரிவிலேயே தொடங்கலாம். பிறகு அம்புலன்சில் மாற்றுவது அவர்கள் வேலை. வான் பிடித்து நேரே கொழும்புக்கு ஓடினால், கிளிநொச்சியிலிருந்து முந்நூறு கிலோமீட்டருக்கு மேல், ஒரு சொட்டு மருந்து ஏறாமல் ஆறு ஏழு மணித்தியாலம் போய்விடும். புதுக்குடியிருப்புப் பக்கம் உள்வீதியில் இருக்கிறவர்கள் 1990 என்ற இலக்கத்தில் சுவசெரிய அம்புலன்சைக் கூப்பிடலாம், காசு இல்லை.

சில சின்ன வேலைகள் இங்கேயே முடியும். இமைக்குக் கீழே ஏதோ நெளிகிற மாதிரி இருக்கிறது, தடிப்பு இன்று இங்கே நாளை அங்கே என்று இடம் மாறுகிறது என்றால் நாய்ப் புழுவாக இருக்கலாம். நாயிலிருந்து நுளம்பு வழியாக வருவது. இலங்கையில் நன்கு அறியப்பட்ட வருத்தம். பார்க்கப் பயங்கரம், ஆனால் சிறு வெட்டில் புழுவை எடுத்தால் பெரும்பாலும் கதை முடிந்தது.

குறை என்னவென்றால் கண் கிளினிக் தினமும் இல்லை, நிபுணர்கள் மாற்றலாகிப் போவார்கள், மற்றத் துறைகள் எல்லாம் இல்லை. வருடக்கணக்கு வருத்தத்தில் கிளினிக் நாளை முன்கூட்டிக் கேட்டுக்கொண்டு போங்கள். கடிதம் இல்லாமல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனால் அங்கும் வெளிநோயாளர் வரிசையிலிருந்துதான் தொடங்க வேண்டும். கடிதத்தோடு போகிறவர் நேரே நிபுணரின் கிளினிக்குக்குப் போகிறார். 'எனக்கு ஒரு கடிதம் தாங்கோ' என்று கேட்பதில் வெட்கம் எதுவும் இல்லை.

## யாழ்ப்பாணம் போதனா

வன்னியில் கண்குழி வருத்தம் வருகிறவர்களில் அதிகமானோருக்கு இதுதான் சரியான அடுத்த படி என்று நினைக்கிறேன். கிளிநொச்சியிலிருந்து அறுபத்தைந்து கிலோமீட்டரளவு, காலையில் பஸ் ஏறினால் பின்னேரம் வீட்டில் நிற்கலாம். கண், காது மூக்கு தொண்டை, தைரொயிட் கிளினிக்குகள் ஒரே வளவில். சொல்வதைத் தமிழில் சொல்லலாம், கேட்பதைத் தமிழில் கேட்கலாம்.

தைரொயிட் கண்ணுக்கு இது மிகப் பொருந்தும். பெரியவர்களில் ஒரு கண் தள்ளினாலும் இரண்டும் தள்ளினாலும் முதலில் சந்தேகிக்க வேண்டியது தைரொயிட்டைத்தான். வருத்தம் ஒன்றரை வருடமளவு, சிலருக்கு மூன்று வருடம் வரை கொதித்துப் பிறகு ஆறும். கொதிக்கிற காலத்தில் ஸ்டிரொயிட்டை நாளத்தில் கிழமைக்கு ஒருமுறை ஏற்றுவார்கள்; வழமையான முறையில் பன்னிரண்டு கிழமை, மொத்தம் நாலரை கிராம். பன்னிரண்டு கிழமை கொழும்பில் நிற்க யாரால் முடியும்? ஆறிய பிறகுதான் எலும்புச் சுவரை அகற்றி இடம் கொடுப்பதும், இரட்டைப் பார்வையைத் திருத்துவதும், இமையைச் சரிசெய்வதும், அந்த ஒழுங்கிலேயே. கொதிக்கும்போதே 'ஒப்பரேஷன் செய்து விடுங்கோ' என்று கெஞ்சுகிறவர்கள் உண்டு. பொறுங்கள். ஒரேயொரு விலக்கு, பார்வை நரம்பு நெரிபடும்போது. சிவப்பு மூடி ஒன்றை ஒரு கண்ணை மூடிப் பாருங்கள், பிறகு மற்றக் கண்ணால் பாருங்கள். ஒன்றில் சிவப்பு வெளிறித் தெரிந்தால் கிளினிக் திகதிக்குக் காத்திராமல் உடனே போங்கள்.

பீடி, சிகரெட் பிடிக்கிறவருக்கு எந்த ஊர் மருந்தும் அரைவாசிதான் வேலை செய்யும். தைரொயிட்டுக்குக் கதிர் அயடீன் கொடுக்கப் போகிறார்கள் என்றால் 'எனக்குக் கண்ணிலும் வருத்தம் இருக்கிறது' என்று கட்டாயம் சொல்லுங்கள். அது கண்ணை மோசமாக்கலாம். வெளிநாட்டு உறவினர் வட்ஸப்பில் அனுப்புகிற புது ஊசி, டெப்ரோடுமுமாப், 2020 இல் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்டது. முழியை உள்ளே கொண்டுவருகிறது என்பது உண்மை. விலை சாதாரணக் குடும்பத்துக்கு எட்டாதது. கேட்கும் திறன் குறையலாம், சீனி ஏறலாம்.

வவுனியாத் தெற்கில் இருக்கிறவர்களுக்கு அநுராதபுரம் போதனா கிட்ட. பாதை சுகம், மொழிதான் இடறும்.

## கொழும்பு, அரச ஆஸ்பத்திரி

தேசிய கண் வைத்தியசாலைக்குப் போக வேண்டியவர்கள் இருக்கிறார்கள்: குழியின் ஆழத்தில் கட்டி உள்ளவர்கள், பயொப்சி எடுக்கக் கடினமான இடத்தில் வருத்தம் உள்ளவர்கள், கண்ணீர்ச் சுரப்பியில் கட்டி உள்ளவர்கள். இந்தக் கடைசிக் கூட்டத்துக்கு ஓர் எச்சரிக்கை. நோவில்லாமல் மெல்ல வளர்ந்த சுரப்பிக் கட்டி, ஸ்கானில் உருண்டையாகத் தெரிந்தால், துண்டு வெட்டிப் பார்க்காமல் உறையோடு முழுவதாக எடுக்க வேண்டும். அரைகுறையாகக் கிள்ளினால் வருடங்கள் கழிந்து திரும்ப வரும், கெட்டதாகவும் மாறலாம். நோவோடு கெதியாக வளர்ந்த கட்டிக்கு நேர்மாறு: பயொப்சி எடுத்தே ஆக வேண்டும். இந்த வித்தியாசம் தெரிந்த கை வேண்டும் என்பதற்காகவே முந்நூறு கிலோமீட்டர் போகலாம்.

புற்றுநோய் என்று உறுதியானால் அரச புற்றுநோய் வைத்தியசாலையான மகரகம அபேக்‌ஷா. ஆனால் எல்லாச் சிகிச்சைக்கும் அங்கேயே கிடக்க வேண்டியதில்லை. தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை இருக்கிறது. 2011 இல் தெவிநுவரையிலிருந்து பருத்தித்துறை வரை சனம் நடந்து சேர்த்த நிதி அதற்குத்தான் போனது. எந்தப் பகுதிச் சிகிச்சையை அங்கே தொடரலாம் என்று கொழும்பிலேயே கேளுங்கள்.

மறைமுகச் செலவில் பெரியது தங்குமிடம். நோயாளிக்கு வாட்டில் கட்டில் கிடைக்கும், துணைக்குப் போனவருக்கு இல்லை. அடுத்தது மொழி. இரட்டையாகத் தெரிகிறது என்பதை மங்கலாகத் தெரிகிறது என்று மாற்றிச் சொன்னால் டொக்டர் வேறு வழியில் போய்விடுவார். வருத்தத்தின் கதையை ஊரிலேயே ஒருவரைக் கொண்டு சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ அரைப் பக்கத்தில் எழுதிக் கொண்டு போங்கள்.

## கொழும்பு, தனியார்

இதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பின்னேரத்தில் தனியாரில் இருக்கிற நிபுணர் பலர் காலையில் அரச ஆஸ்பத்திரியில் இருப்பவர்களே. காசு வாங்கித் தருவது நேரத்தை. ஒருமுறை தனியாரில் காட்டி, தேவைப்பட்டால் ஸ்கானையும் எடுத்து, அதே நிபுணரின் அரச வாட்டில் சத்திரசிகிச்சைக்குச் சேர்வது நடுவழி. பலர் அப்படிச் செய்து பயன் பெற்றிருக்கிறார்கள். முழுச் சத்திரசிகிச்சையையும் தனியாரில் செய்வதென்றால் பயொப்சிப் பரிசோதனை, மயக்க மருந்து நிபுணர், அவசர சிகிச்சைப் பிரிவு எல்லாம் தனித்தனிப் பில்லா என்று முதலே கேளுங்கள்.

## மதுரை, சென்னை

மதுரை அரவிந்த் 1976 இல் பதினொரு கட்டிலோடு தொடங்கியது. சென்னை சங்கர நேத்ராலயா 1978 இல். இரண்டிலும் கண்குழிக்கென்றே தனிப் பிரிவு உண்டு. நம் நாட்டில் ஒரு நிபுணர் எப்போதாவது காண்கிற வருத்தத்தை அங்கே அடிக்கடி காண்கிறார்கள். அரிய வருத்தத்தில் அதற்கு மதிப்பு உண்டு. தமிழில் பேசலாம். பலாலியிலிருந்து சென்னைக்கு விமானம் இருக்கிறது. திருச்சியிலோ மண்டபத்திலோ சொந்தம் இருக்கிற வன்னிக் குடும்பங்கள் குறைவில்லை.

எப்போது போகலாம்? ஸ்கானும் முடிந்தால் பயொப்சியும் கையில் இருக்க வேண்டும், வருத்தத்துக்குப் பெயர் இருக்க வேண்டும், அது வருடக்கணக்கு வேகத்தில் இருக்க வேண்டும், இங்கே செய்ய முடியாத ஒன்று அங்கே உண்டு என்று இங்குள்ள நிபுணரே சொல்லியிருக்க வேண்டும். அப்படியானால் சித்தப்பாவின் காசு சரியான இடத்துக்குப் போகிறது.

எப்போது போகக் கூடாது? கண் வேகமாகத் தள்ளுகிற பிள்ளையைக் கொண்டு. கடவுச்சீட்டு, மருத்துவ விசா, கூடப் போகிறவரின் விசா, ரிக்கற் என்று போகிற நாள்களில் இங்கே பயொப்சி எடுத்து மருந்தே தொடங்கியிருக்கலாம். அதோடு, அந்தப் பிள்ளைக்கு மாதக்கணக்கில் மருந்து ஏற்ற வேண்டும். அங்கே தொடங்கி, காசு முடிந்து, பாதியில் திரும்பி வந்தால் இங்குள்ளவர்கள் எங்கிருந்து பிடிப்பது?

ஸ்டிரொயிட் குளிசையோடு திரும்பி வருகிறவர்களும் அப்படித்தான். 'மூன்று மாதத்தில் வாருங்கள்' என்று எழுதியிருக்கும். போக வசதி வராது. குளிசையைத் தாங்களாகவே நிறுத்துவார்கள், கண் திரும்பத் தள்ளும். போகுமுன்பே, வந்த பிறகு எந்தக் கிளினிக்கில் காட்டுவது என்று ஒழுங்கு செய்யுங்கள்.

சத்திரசிகிச்சைக்குக் காசு போதாதவர்கள் ஜனாதிபதி நிதியத்துக்கு விண்ணப்பிக்கலாம். பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள்.

## சும்மா இருப்பதும் ஒரு தெரிவுதான்

டொக்டர் சொல்லிச் சும்மா இருந்தால். பார்வை நரம்பை அமுக்காத இரத்தக் குழாய்க் கட்டியை வருடத்துக்கு ஒருமுறை ஸ்கான் எடுத்துப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். லேசான தைரொயிட் கண்ணும் அப்படியே.

தாமாகச் சும்மா இருப்பது வேறு. முலைப்பால் விடுவது, நந்தியாவட்டைச் சாறு விடுவது, பாமசியில் கேட்டு வாங்கின துளி மருந்து. குழிக்குப் பின்னால் இருக்கிற கட்டிக்கு இவை எதுவும் எட்டாது, போவது நாள்தான். எல்லாவற்றிலும் கெட்டது, பெயர் தெரியாத ஸ்டிரொயிட் குளிசை. வீக்கம் மூன்று நாளில் வற்றும், எல்லோருக்கும் சந்தோஷம். உள்ளே இருந்தது லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோய் என்றால் அதுவும் கொஞ்சம் சுருங்கிவிடும். பிறகு எடுக்கிற பயொப்சியில் ஒன்றும் பிடிபடாது. கறுப்புப் பூஞ்சை என்றால் ஸ்டிரொயிட் அதற்குத் தீனி.

## செல் பீஸ் உள்ளவர்களுக்கு

2009 இல் யுத்தம் முடிந்த பிறகு உடம்பில் செல் பீஸோடு (செல் வெடித்துச் சிதறிய துண்டுகளோடு) வாழ்கிறவர்கள் வன்னியில் எத்தனையோ பேர். கண்ணுக்குள்ளோ குழிக்குள்ளோ இரும்புத் துண்டு இருக்கும்போது எம்.ஆர்.ஐ. ஸ்கானுக்குள் படுத்தால் காந்தம் அதை இழுக்கும். இரத்தம் கசிந்து பார்வை போகலாம். சி.டி. ஸ்கானில் அந்த ஆபத்து இல்லை. கொழும்பிலோ சென்னையிலோ ஸ்கான் எடுக்கிறவருக்கு உங்கள் ஊரின் கதை தெரியாது. படிவத்தில் 'உலோகம் உண்டா' என்ற கேள்வி இருக்கும். மொழி விளங்காமல் 'இல்லை' என்று கோடு போட்டுவிடுவார்கள். முகத்தில் காயம் பட்டவர், சின்ன வயதில் பட்டு நினைவில்லாதவர் உட்பட, முதலில் ஒரு எக்ஸ்றே கேளுங்கள்.

பீஸை எடுப்பதா விடுவதா என்றும் கேட்கிறார்கள். குழியின் ஆழத்தில் நோவு, சீழ், அசைவுக் குறைவு எதுவும் இல்லாமல் கிடக்கிற துண்டைப் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள், ஏனென்றால் எடுக்கப் போய் நரம்பைக் கெடுக்கிற ஆபத்து கூட. கண் முழிக்குள்ளேயே இருக்கிற இரும்பு வேறு கதை. அது துருப்பிடித்து விழித்திரையைத் தின்னும்.

## கையில் கொண்டு போக வேண்டியவை

கிளினிக் கொப்பி, ஸ்கான் படங்கள், அதன் இறுவட்டு, அறிக்கை, குடிக்கிற குளிசைகளின் பெட்டிகள், பழைய படம். ஸ்கான் படத்தை மடிக்காதீர்கள். வெயில் படுகிற பஸ் யன்னலோரம் வைக்காதீர்கள். அறிக்கை மட்டும் போதாது, அடுத்த டொக்டர் படத்தைத் தன் கண்ணால் பார்க்க விரும்புவார்.

பயொப்சி எடுத்திருந்தால் இன்னொன்றும் இருக்கிறது, பலருக்கு இது தெரியாது. எடுத்த துண்டை மெழுகுக் கட்டியில் பதித்து, கண்ணாடித் தகடுகளில் சீவி வைத்திருப்பார்கள். ஆஸ்பத்திரி மாறும்போது அதே டொக்டரிடம் ஒரு கடிதம் வாங்கி, ஆய்வுகூடத்தில் அந்தக் கட்டியையும் தகடுகளையும் கேட்டால் எடுத்துக்கொள்ளலாம். அது கையில் இருந்தால் அடுத்த ஊரில் திரும்ப வெட்டாமல் அதையே வைத்து மறுபடி பார்ப்பார்கள்.